வியர்த்த விண்கல்

என்னிடம் 6 கிலோ இரும்பு விண்கல் ஒன்று இருக்கிறது. அர்ஜென்டினாவின் கம்போ டெல் சியெலோவில் விழுந்தது. அங்கே 2016இல் தோண்டியெடுத்த கன்செடோ என்ற விண்கல் 30 டன்னுக்கு மேல். அதன் பக்கத்தில் என்னுடையது தேங்காய்தான். ஆனால் தூக்கினால் கை இறங்கும்.

மலேசியாவில், சுங்கை சிப்புட் தோட்ட வீட்டுக் கூடத்தில் வைத்தேன். மூன்றாம் மாதம் பழுப்பு முத்துகளாக வியர்த்தது. "கல்லுக்குக் காய்ச்சலா?" என்றார் அம்மா. தேங்காய் எண்ணெய் பூசிப் பார்த்தேன். பிசுபிசுப்புதான் மிச்சம், துரு அடியிலேயே வளர்ந்தது.

மண்ணில் கிடந்த காலத்தில் விரிசல்களுக்குள் புகுந்த குளோரைடு உப்புதான் காரணம். நம் ஊர் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்கிறது. உப்பை வெளியேற்றாமல் மேலே எது பூசினாலும் வீண்.

பித்தளை பிரஷால் தேய்த்தேன். வடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) காஸ்டிக் சோடா கரைத்து (கையுறை கட்டாயம்) ஊறவைத்து, வாரம் ஒருமுறை மாற்றினேன். இரண்டு மாதம் ஆனது. அப்புறம் வடிநீரில் அலசி, ஆல்கஹாலில் முக்கி எடுத்து, அது முழுக்க ஆவியாகும் வரை வெளியே காற்றாட வைத்தேன். பிறகுதான் ஓவனில் 100 டிகிரியில் காயவைத்தேன். சூடு ஆறும் முன் மெழுகு.

இப்போது மூடிய அக்ரிலிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு இருக்கிறது. நீல மணி வெளுத்து இளஞ்சிவப்பானால் வறுத்துப் போடுகிறேன். மழைக்காலத்தில் அது அடிக்கடி நடக்கிறது.