மொழியியல் படிக்கச் செல்லும் நெல்லைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் பலர், மொழியியல் என்பது தமிழ் இலக்கியப் படிப்பின் இன்னொரு பெயர் என்றே எண்ணிக்கொண்டு விண்ணப்பிக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களோ எத்தனை மொழி பேசக் கற்றுத் தருவார்கள் என்று கேட்கிறார்கள். மொழியியல் இரண்டும் அன்று. ஒலிகள் சொல்லாகி, சொற்கள் தொடராகி, தொடர் பொருள் தரும் விதத்தை ஆராயும் துறை அது; ஒலி, சொல்லமைப்பு, தொடர், பொருள் ஆகியவற்றை முறையே ஆராயும் ஒலியியல், உருபனியல், தொடரியல், பொருண்மையியல் ஆகியவை முதலாண்டிலேயே வந்துவிடும். நாவின் எப்பகுதி அண்ணத்தில் எங்கே பொருந்தினால் எந்த ஒலி பிறக்கும் என்று சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியலை ஊன்றிப் படித்து, அதில் மனம் தோய்ந்தவருக்கு இந்தப் படிப்பு நிச்சயம் பிடிக்கும். செய்யுள் நயத்தை மட்டும் தேடிச் செல்பவர் ஏமாந்துபோவார்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நம் வீட்டுப் பேச்சைக் கொச்சை என்று கருதித் துறை வாசலிலேயே விட்டுவிட்டுப் போவது. இதை நானே செய்திருக்கிறேன். முதுகலை முதலாண்டில் பேச்சைப் பதிவுசெய்து எழுதிவரச் சொன்னபோது, என் ஆச்சி பேசியதைப் பதிவுசெய்து கொண்டுபோனேன். “அவிய நேத்தே வந்துட்டாவ” என்று ஆச்சி சொல்லியிருந்ததை, “அவர்கள் நேற்றே வந்துவிட்டார்கள்” என்று திருத்தமாக எழுதி நீட்டினேன். ஆசிரியர் ஒலிப்பதிவை மூன்று முறை ஓடவிட்டார். பிறகு மதுரை மாணவர் ஒருவரை அழைத்து, அதையே அவருடைய ஊர் வழக்கில் சொல்லச் சொன்னார். அவர் “வந்துட்டாக” என்றார். சென்னை மாணவி “வந்துட்டாங்க” என்றார். கரும்பலகையில் -ஆங்க, -ஆக, -ஆவ என்ற மூன்று விகுதிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றபோதுதான், ஒரே பலர்பால் விகுதி ஊருக்கு ஊர் எப்படி உருமாறுகிறது என்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. நான் திருத்தி எழுதிய தாளில் அந்தச் செய்தி அடியோடு அழிந்துபோயிருந்தது. கேட்டதைக் கேட்டபடி, ஒவ்வோர் ஒலிக்கும் தனிக் குறி தரும் அனைத்துலக ஒலிப்பெழுத்தில் (IPA) எழுதப் பழகுங்கள். தமிழ் எழுத்தை மட்டும் நம்பினால் ‘கல்’, ‘பங்கு’, ‘அகம்’ ஆகிய மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிப்பதைக்கூடக் காட்ட முடியாது.

ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காகவே இரண்டு சொற்களுக்கு உறவு கற்பிப்பது அடுத்த தவறு. இடையன்குடியில் வாழ்ந்து, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லின் கல்லறை நம் பகுதியில்தான் இருக்கிறது. ஆயினும் ஒப்பியல் முறையின் அடிப்படை நம்மில் பலருக்கு எட்டவில்லை. தமிழில் பால், புலி, பல், பத்து என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹல்லு, ஹத்து என்றாகின்றன. சொல்லின் முதலில் வரும் பகரம் இப்படி ஒழுங்காக ஹகரமாவதுதான் சான்று. ஏதோ ஒரு சொல் தற்செயலாக ஒத்துப்போவது சான்றாகாது. இந்த ஒப்பீடு காட்டுவதும், இவ்விரு மொழிகளும் மூலத்திராவிடம் என்னும் ஒரே பழைய மொழியிலிருந்து கிளைத்தவை என்பதையே. ஒன்று தாய், மற்றொன்று மகள் என்பதை அன்று. பெருமிதத்தை முடிவாக வைத்துக்கொண்டு சான்று தேடப் புறப்படுபவர் இந்தத் துறையில் நிலைக்க மாட்டார்.

இடத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். அண்ணாமலை, பாரதியார், தமிழ்ப் பல்கலைக்கழகங்களில் மொழியியல் துறை உண்டு. நமக்குச் சிதம்பரத்தைவிடத் திருவனந்தபுரம் பக்கம் என்பதால், கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தையும் விசாரிக்கலாம். துறையின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், பாடத்திட்டத்தை வாங்கி, கணினி மொழியியலும் களப்பணியும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வேலையைப் பொறுத்தவரை இரண்டு தவறான நம்பிக்கைகள் நிலவுகின்றன. மொழியியல் முதுகலை முடித்தால் பேச்சுக் குறைபாட்டைச் சரிசெய்யும் பேச்சுப் பயிற்சியாளர் ஆகிவிடலாம் என்பது ஒன்று. அதற்குச் செவித்திறன், பேச்சு மருத்துவத்துக்கான தனிப் பட்டமும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவும் தேவை. அந்த எண்ணம் இருப்பவர் பிளஸ் டூ முடித்தவுடனேயே வழியை மாற்றிக்கொள்ள வேண்டும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் தேறிவிட்டால் பேராசிரியர் பணி கிடைத்துவிடும் என்பது மற்றொன்று. மொழியியல் துறைகளே குறைவு என்பதால், அதை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது பிள்ளைகளின் இளமையைத் தின்றுவிடுகிறது.

கணினியைத் தள்ளிப்போடுவதும் அதற்கு இணையான இழப்புதான். 1969இல் மைசூரில் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மொழித் தரவுகளைத் திரட்டுகிறது. 2022இல் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் பாஷிணி திட்டம், இந்திய மொழிகளுக்கிடையே கணினிவழி மொழிபெயர்ப்பை முன்னெடுக்கிறது. பேச்சை எழுத்தாக்கும் ஒரு செயலி நம் ஊர்க்காரர் சொல்லும் “வந்துட்டாவ” என்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அந்த -ஆவ பலரையோ, மரியாதைக்குரிய ஒருவரையோ குறிக்கும் விகுதி என்று அடையாளமிட்டுக் கொடுக்கும் ஒருவர் தேவை. பைத்தான் என்னும் கணினி நிரல்மொழியும் கொஞ்சம் புள்ளியியலும் முதலாண்டிலேயே கற்றுக்கொண்ட நெல்லைப் பிள்ளையால் அந்த வேலையை நன்றாகச் செய்ய முடியும். அகராதிப் பணியும் நமக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப்பிள்ளை நம் பகுதியில் பிறந்தவரே.

ஆய்வுக்குத் தொலைதூரம் போக வேண்டும் என்று நினைப்பதும் தேவையற்றது. வீரவநல்லூரில் சௌராட்டிர மொழி பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. பாபநாசம் மலையில் காணிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்களிடம் போகும்போது, பதிவுக் கருவியை இயக்குவதற்கு முன்பே எதற்காகப் பதிவுசெய்கிறோம் என்பதை அவர்களுக்குப் புரியும்படி சொல்லி ஒப்புதல் பெறுங்கள். வேலை முடிந்ததும் அந்த ஒலிப்பதிவின் ஒரு படியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.