காமெட் படகைப் பற்றி எழுதும்போது நாம் செய்கிற தவறுகள்

1812 ஆகஸ்ட் 5 தேதியிட்டு, காமெட் படகின் உரிமையாளர் ஹென்றி பெல் ஒரு செய்தித்தாள் விளம்பரம் கொடுத்தார். ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றில், கிளாஸ்கோ, கிரீனாக், ஹெலன்ஸ்பரோ ஆகிய மூன்று ஊர்களுக்கு இடையே 'காமெட்' என்ற நீராவிப் படகை ஓட்டப்போவதாக அதில் அறிவித்தார். சின்ன விளம்பரம்தான். ஆனால் ஆரம்பகால நீராவிப் படகுப் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல், அந்த விளம்பரத்தைப் பொறுமையாக ஒரு முறை படித்தாலே விலகிவிடும்.

முதலில் 'முதல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'உலகின் முதல் நீராவிப் படகு காமெட்' என்று எழுதுவது தவறு. அமெரிக்காவில் ராபர்ட் ஃபுல்டன் 1807லேயே நியூயார்க்கிலிருந்து ஆல்பனிக்கு ஹட்சன் ஆற்றில் பயணிகளை ஏற்றிச் சென்றுவிட்டார். ஸ்காட்லாந்துக்குள்ளேயேகூட காமெட்டுக்கு மூத்தது உண்டு. வில்லியம் சிமிங்டன் உருவாக்கிய 'சார்லட் டண்டாஸ்', 1803 மார்ச்சில் ஃபோர்த்–கிளைட் கால்வாயில் தலா 70 டன் எடையுள்ள இரண்டு படகுகளை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போனது. அலையடித்துக் கரை அரித்துவிடும் என்று கால்வாய்க்காரர்கள் பயந்ததால் அந்த முயற்சி அத்தோடு நின்றது. அது இழுவைப் படகு, பயணிகளுக்கானது அல்ல. ஆகவே காமெட்டைப் பற்றி இப்படிச் சொல்வதே சரி: ஐரோப்பாவில் கட்டணம் வாங்கிக்கொண்டு, கிழமை குறித்து, பயணிகளை ஏற்றி ஓடிய முதல் நீராவிப் படகு.

பெல்லை 'கண்டுபிடிப்பாளர்' என்று அழைப்பதும் இதே வகைப் பிழை. படகைக் கட்டியவர் போர்ட் கிளாஸ்கோவின் ஜான் உட். எந்திரம் ஜான் ராபர்ட்சனுடையது. கொதிகலன் டேவிட் நேப்பியருடையது, அதற்கான பணம் தனக்கு வந்து சேரவேயில்லை என்று நேப்பியர் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். அப்படியென்றால் பெல் என்னதான் செய்தார்? ஹெலன்ஸ்பரோவில் அவர் குடும்பம் குளியல் விடுதி ஒன்றை நடத்திவந்தது. கிளாஸ்கோக்காரர்கள் அங்கே சுலபமாக வந்துபோக ஒரு வழி வேண்டும். அதற்காக இத்தனை பேரின் கைத்திறனை ஒன்றுசேர்த்து, கையில் போதிய காசில்லாமலேயே துணிந்து இறங்கினார். என் கணக்கில் இது ஒரு எந்திரத்தைக் கண்டுபிடிப்பதைவிடச் சிறிய காரியம் அல்ல. அதை அதுவாகவே சொன்னால் போதும்.

அடுத்தது, மனதில் எழும் படம். நீராவிக் கப்பல் என்றதும் நான்கு புகைபோக்கிகளோடு ஒரு மாளிகை மிதப்பது போலக் கற்பனை ஓடுகிறது. காமெட்டின் நீளம் சுமார் 13 மீட்டர், ஒரு நகரப் பேருந்தைவிடக் கொஞ்சம் கூடுதல். எந்திரத்தின் திறன் மூன்று, நான்கு குதிரைத்திறன்தான். அடியில் சுழலும் உந்துசுழலி கிடையாது. பக்கவாட்டில் துடுப்புச் சக்கரங்கள், முதலில் பக்கத்துக்கு இரண்டு, பிறகு ஒன்று. 'நீராவி வந்தது, பாய்மரம் போனது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் விளம்பரத்தைப் பார்க்க வேண்டும். படகு காற்றாலும் நீராவியாலும் ஓடும் என்று பெல்லே அதில் சொல்கிறார். காமெட்டின் உயரமான புகைபோக்கிதான் பாய்மரமாகவும் நின்றது. எந்திரத்தின் புகையும் பாயும் ஒரே கம்பத்தில்!

நேரம் பற்றிய தவறுதான் என்னை அதிகம் உறுத்துவது. நீராவி வந்ததும் பயணம் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டது என்று எழுதிவிடுகிறோம். காமெட் கிளாஸ்கோவின் புரூமிலா துறையிலிருந்து செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் புறப்பட்டது. எத்தனை மணிக்கு? நண்பகல் வாக்கில், அல்லது அதற்குப் பிறகு ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) எப்போது ஒத்துவருகிறதோ அப்போது. திங்கள், புதன், வெள்ளியில் கிரீனாக்கிலிருந்து காலையில் திரும்பும், அதுவும் ஓதத்தைப் பார்த்துத்தான். காரணம் ஆற்றின் ஆழம். கிளாஸ்கோ வரை பெரிய கப்பல்கள் வர முடியாது என்பதால்தான் 1668லேயே கீழே போர்ட் கிளாஸ்கோ என்ற துறைமுக ஊரையே உருவாக்கியிருந்தார்கள். ஆற்றை ஆழப்படுத்தும் வேலை 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியிருந்தும், வற்றுநேரத்தில் சிறிய படகுகூடத் தரைதட்டும் அபாயம் இருந்தது. எதிர்க்காற்றிலும் ஓட முடிந்தது பெரிய மாற்றம்தான். ஆனால் நிலவுக்கும் கடலுக்கும் உள்ள கணக்கிலிருந்து பயணி இன்னும் விடுபடவில்லை.

கட்டணம்: நல்ல அறைக்கு 4 ஷில்லிங், இரண்டாம் அறைக்கு 3. அதற்கு மேல் படகில் வேலை செய்பவர் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்றும் விளம்பரத்திலேயே இருக்கிறது. வழியெல்லாம் இனாம் கொடுத்தே பழகிய பயணிகளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்! இந்தத் தொகையையும் பிற்காலத்து விடுமுறைக் கூட்டத்தையும் ஒன்றாகக் குழப்பிவிடக் கூடாது. கோடையில் கிளாஸ்கோ தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக ரோத்சே, டுனூன் என்று ஆற்றின் கடல்முகப் பக்கத்து ஊர்களுக்குப் போனது, போட்டிப் படகுகள் பெருகிக் கட்டணம் இறங்கிய பிறகு. 1841ல் கிரீனாக் வரை ரயில் வந்ததும், பாதி வழி ரயில், மீதி வழி படகு என்று பயணமே வேறு உருவம் எடுத்தது.

ஆபத்து என்றாலே கொதிகலன் வெடிப்பு என்று எழுதுவது இன்னொரு பழக்கம். வெடிப்புகள் நடந்ததுண்டு. 1842ல் ஹெலன்ஸ்பரோ துறையில் 'டெலிகிராஃப்' என்ற படகு வெடித்துப் பலர் இறந்தார்கள். ஆனால் கிளைட் ஆற்றை உலுக்கிய பெருந்துயரம் ஒரு மோதல். 1825 அக்டோபர் 21 இரவு, கூராக் அருகே கெம்பாக் முனையில் காமெட்டும் 'ஏர்' என்ற நீராவிப் படகும் மோதிக்கொண்டன. காமெட்டில் விளக்கு ஏற்றப்படவில்லை, முன்பக்கத்துப் பாய் பார்வையை மறைத்திருந்தது. 60க்கும் மேற்பட்டவர்கள் மூழ்கி இறந்தார்கள். அவர்களைக் கொன்றது எந்திரமல்ல, இரவில் விளக்கில்லாமல் ஓடியதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை: அது இரண்டாவது காமெட். முதல் காமெட் 1820 டிசம்பரிலேயே மேற்குக் கரையில் கிரேக்னிஷ் முனையருகே பாறையில் மோதி உடைந்துபோனது. அப்போது பெல்லும் படகில் இருந்தார், எல்லாரும் உயிரோடு கரையேறினார்கள். இரண்டையும் ஒன்றாக்கி, '1812ன் காமெட் 1825ல் மூழ்கியது' என்று எழுதிவிடாதீர்கள். பெல் இறந்தது 1830ல்.

படங்களிலும் கவனம் தேவை. போர்ட் கிளாஸ்கோவில் நின்றிருந்த காமெட்டின் புகைப்படங்கள் நிறையக் கிடைக்கும். அது 150ஆம் ஆண்டை ஒட்டி 1962ல் கட்டிய மாதிரி, 2023ல் அதையும் பிரித்துவிட்டார்கள். உண்மையான காமெட்டின் எந்திரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில்தான் தேட வேண்டும்.