மாநிலம் மாறும் மனநல நர்ஸ் பிராக்டிஷனரா நீங்கள்? எந்த வேலை முதலில், எது பிறகு

நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் மேற்படிப்பு முடித்து, நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் நர்ஸ். அமெரிக்காவில் அவர்கள் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபோவதற்கு ஒரு வரிசை உண்டு. நான் டெக்சாஸிலிருந்து அரிசோனாவுக்குப் போனவள் என்பதால் அந்த வழியையே வைத்துச் சொல்கிறேன். புது உரிமம் கைக்கு வரும்வரை ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள்.

படி 1: அந்த மாநிலம் என்ன அனுமதிக்கிறது என்று பாருங்கள்

டெக்சாஸில் நாம் மருந்து எழுத, ஒரு மருத்துவரோடு ஒப்பந்தம் வேண்டும். கிளினிக்குக்கு வந்துபோகிற நோயாளிக்கு இரண்டாம் அட்டவணை மருந்துகளை (பழக்கமாகிவிடும் ஆபத்து அதிகம் என்று அரசு கடுமையாகக் கட்டுப்படுத்துபவை) எழுதவே முடியாது. ஏடிஎச்டி (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்பு) உள்ள பையனுக்கு மெத்தில்ஃபெனிடேட் வேண்டுமென்றால் மருத்துவர்தான் எழுத வேண்டும். அரிசோனாவில் இந்தக் கட்டு இல்லை. நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்களா? அப்படியானால் கையெழுத்திடும் மருத்துவர் யார், அவருக்கான கட்டணத்தை யார் கொடுப்பது என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

படி 2: இரண்டு உரிமங்கள்

ஆர்என், அதாவது பதிவுபெற்ற நர்ஸ் உரிமத்துக்குக் காம்பாக்ட் உண்டு; ஒரு மாநில உரிமத்தை மற்ற உறுப்பு மாநிலங்களும் ஏற்கும் ஒப்பந்தம் அது. இரண்டு மாநிலங்களும் அதில் இருக்கின்றன. ஆனாலும் குடியேறிய 60 நாளுக்குள் புது மாநிலத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். ஏபிஆர்என், அதாவது நர்ஸ் பிராக்டிஷனராக வேலை செய்வதற்கான உரிமத்துக்கு இந்தக் காம்பாக்ட் செல்லாது. அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும், அரிசோனாவில் மருந்து எழுதும் அனுமதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நம் துறைத் தேர்ச்சிக்கு ஏஎன்சிசி என்ற அமைப்பு தரும் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும்; ஐந்து ஆண்டுக் கெடு நடுவில் முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது: பெயர். என் கல்லூரிச் சான்றிதழில் ஒற்றை எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. ஓட்டுநர் உரிமத்தில் கணவர் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்டும்வரை என் விண்ணப்பம் நகரவே இல்லை. ஆறு வாரம் போய்விட்டது. விரல்ரேகை கொடுக்கப் போவதற்கு முன்பே எல்லாக் காகிதத்தையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுவிடுங்கள். வித்தியாசம் இருந்தால் திருமணச் சான்றிதழையோ பிரமாணப் பத்திரத்தையோ முதல் நாளே சேர்த்து அனுப்புங்கள்.

படி 3: டிஇஏ

டிஇஏ என்பது இரண்டாம் அட்டவணை போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளை எழுத மத்திய அரசு தரும் பதிவு. இது மாநிலத்தோடு கட்டப்பட்டது. மாநில அனுமதி வந்தபிறகு பழைய பதிவையே புது முகவரிக்கு மாற்றலாம், கட்டணம் கிடையாது. டெக்சாஸ் நோயாளிகளுக்கும் இந்த மருந்துகளைத் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால் இரண்டாவது பதிவு வேண்டியிருக்கலாம். மூன்று ஆண்டுக்கு 888 டாலர்.

படி 4: இன்சூரன்ஸ்

என்பிஐ எண் (மருத்துவச் சேவை தருபவர் ஒவ்வொருவருக்கும் உள்ள தேசிய அடையாள எண்) மாறாது, முகவரியை மட்டும் 30 நாளுக்குள் திருத்துங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகள் உங்களைத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ள மூன்று, நான்கு மாதம்கூட ஆகும். அதனால் வேலை உறுதியான அன்றே அதைத் தொடங்கச் சொல்லிப் புது வேலையிடத்தைக் கேளுங்கள்.

படி 5: நாம் விட்டுப் போகிற நோயாளிகள்

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். நம் நோயாளிகளுக்கு ஒரு மாத இடைவெளியே ஆபத்து. குளோனாசெபாம் திடீரென்று நின்றால் வலிப்பு வரலாம். லித்தியம் நின்றால் மேனியா திரும்பலாம். லாமோட்ரிஜின் ஒரு வாரம் விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடரக் கூடாது, மறுபடி கீழிருந்துதான் ஏற்ற வேண்டும். ஒரு நோட்டில் பெயர், மருந்து, கடைசி ரீஃபில் தேதி, அடுத்த ஊசி நாள், யாரிடம் ஒப்படைத்தோம் என்று எழுதிக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் நேரில் சொன்னேன். ஒரு அம்மா மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "அடுத்த மாசம் இதை யார் எழுதுவாங்க?" என்று கேட்டார். புது மருத்துவர் பெயரையும் நாளையும் ஒரு சீட்டில் எழுதி அந்த டப்பாவுக்குள்ளேயே வைத்தேன்.

அப்புறம், டெக்சாஸ் உரிமத்தைக் காலாவதியாக விடாதீர்கள். நீங்கள் ஃபீனிக்ஸில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தாலும், நோயாளி டாலஸில் இருந்தால் டெக்சாஸ் உரிமம்தான் கணக்கு.