பழைய வீட்டை வாங்கி வாடகைக்கு விடலாமா? நெல்லைப் பக்கம் பார்க்க வேண்டியவை

டவுனிலோ பாளையங்கோட்டையிலோ பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது, சரிசெய்து வாடகைக்கு விடலாம் என்று நினைக்கிறீர்களா? பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், நிற்கும் தேக்குத் தூணைத்தான் தரகர் முதலில் தட்டிக் காட்டுவார். குடிவருகிறவர் தூணுக்கு வாடகை தர மாட்டார். ஒழுகாத கூரை, வீட்டுக்குள்ளேயே குளியலறை, நிற்காமல் வரும் தண்ணீர், இதற்குத்தான் தருவார்.

கூரையிலிருந்து தொடங்குங்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் உத்திரம் நன்றாகத்தான் தெரியும். முதலில் கெடுவது அது சுவருக்குள் நுழையும் முனை. ஏணி போட்டு ஏறி அங்கே ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு அதை உள்ளே விடாது. மெத்தென்று இறங்கினாலோ, தட்டும்போது பொள்ளல் சத்தம் கேட்டு மண் உதிர்ந்தாலோ கரையான் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஓட்டுக்கூரையில் ஓட்டைத் தாங்கும் சாய்வுக் கட்டைகளான கைமரங்களில் ஒன்றிரண்டை மாற்றுவது ஆசாரிக்குச் சின்ன வேலை, ஆனால் மட்டப்பாவை, அதாவது தட்டையான மாடித் தளத்தை, தாங்கும் உத்திரம் போயிருந்தால் மேல்தளத்தையே பிரிக்க வேண்டி வரும், அந்த வீட்டை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசிப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். சுவரில் ஏறும் ஈரமான ஓதம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, முழங்கால் உயரத்தில் உப்புப் பூத்து உதிரும். வயரிங்கை முழுவதும் மாற்ற வேண்டியிருக்கும் என்றே கணக்கு வையுங்கள்.

அப்புறம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பெருகி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்தது. விற்கிறவரைக் கேட்பதைவிட எதிர்வீட்டு ஆச்சியைக் கேளுங்கள், எந்தப் படி வரை ஏறியது என்று கையை வைத்தே காட்டுவார்.

பத்திரத்தில் அவசரமே வேண்டாம். தாத்தா பெயரிலேயே பட்டா நிற்கும் வீடுகள் இங்கே நிறைய. பெண்மக்கள் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று பாருங்கள். ஒரே வளாகத்துக்குள் பல வீடுகள் சேர்ந்திருக்கும் வளவு வீடு என்றால் நடை, கிணறு, பொதுச்சுவர் இவற்றில் யாருக்கு என்ன பாத்தியதை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கோயிலுக்குச் சொந்தமான நிலத்தில், அதாவது கோயில் அடிமனையில், நிற்கும் வீடு என்றால் உங்களுக்கு மனை சொந்தமாகாது, விட்டுவிடுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். விலை 25 லட்சம் என்று வையுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 2.25 லட்சம். மராமத்து 5 லட்சம். மொத்தம் 32.25 லட்சம். வாடகை மாதம் 10,000 வந்தாலும் வருடத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வைத்து 11 மாதமே கணக்கில் எடுங்கள். வீட்டுத் தீர்வைக்கும் சில்லறைப் பழுதுக்கும் 15,000 போனால் கையில் நிற்பது 95,000, போட்ட பணத்துக்கு 3 சதவீதம்கூட இல்லை. வங்கியில் போட்டால் இதைவிடக் கிடைக்கும். அப்படியும் வாங்கலாம், ஆனால் மனை விலை ஏறும் என்பதற்காக வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி, கல்லூரிகளுக்குப் பக்கம் என்றால் ஆள் கிடைப்பது சுலபம், அந்த ஒரு மாதக் காலியும் குறையும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் தரகருக்குத் தெரியாத ஒரு கொத்தனாரையும் ஆசாரியையும் ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். அவர்கள் சொல்லும் மராமத்துத் தொகையை வைத்துத்தான் விலை பேச வேண்டும்.