‘ப்ளக்’: கொழுந்திலிருந்து ஈரக்குலை வரை

கோத்தகிரியில் சாயங்காலம் என்னிடம் இங்கிலீஷ் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் எடுக்கும் சொல் ‘ப்ளக்’ (pluck). கரண்ட் ப்ளக் வேறு. இது அவர்கள் வீட்டிலேயே புழங்கும் சொல். “அம்மா ப்ளக்கிங் போயிருக்காங்க” என்று சொல்லாத பிள்ளை குறைவு. தேயிலைக் கொழுந்து பறிப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். என் அம்மாவும் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இங்கே கொழுந்து எடுத்தவர்தான்.

ஒரு சொல்லின் உருவகப் பொருளைப் பிடிக்க, அகராதியைத் திறப்பதற்கு முன்னால் அந்தச் சொல்லைக் கையால் செய்து பாருங்கள். ஒரு மொட்டு, இரண்டு இலை. விரலில் பிடித்ததும் பட்டென்று ஒடிந்து வந்துவிடும். முற்றின இலை அப்படி வராது, நார் இழுக்கும். இதில் இரண்டு விஷயம் உண்டு: வேகமான ஒரு இழுப்பு, ஒட்டியிருந்த இடத்திலிருந்து பிரிவது. இரண்டையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அதே சொல் வேறு எங்கே வருகிறது என்று தேடுங்கள். கோழியின் இறகு, புருவ முடி, கிட்டார் தந்தி எல்லாவற்றுக்கும் ப்ளக்தான். நாம் கிள்ளுவோம், பிடுங்குவோம், மீட்டுவோம். அதனால் ‘ப்ளக் என்றால் பறி’ என்று மனப்பாடம் செய்ய நான் விடுவதில்லை. தந்தியைப் பறித்தால் கிட்டாரே போய்விடும்.

உருவகத்துக்கு வந்தால் ஒரே கேள்வி போதும்: எதிலிருந்து எது பிரிகிறது? வெள்ளத்தில் சிக்கியவரை ஹெலிகாப்டர் ‘ப்ளக்’ செய்தது என்றால், தண்ணீரிலிருந்து சட்டென்று தூக்கியது. ஆதாரமில்லாமல் ஒரு கணக்கைச் சொன்னால், அதைக் காற்றிலிருந்து ‘ப்ளக்’ செய்ததாகச் சொல்வார்கள். ‘ப்ளக் அப் கரேஜ்’ என்பது உள்ளே அடியில் கிடக்கும் தைரியத்தை மேலே இழுத்து எடுப்பது.

ஆனால் ‘ப்ளக்’ என்ற பெயர்ச்சொல்லுக்கே துணிச்சல் என்று ஒரு பொருள் உண்டு. அதற்குக் கொழுந்து உதவாது, கறிக்கடைக்குப் போக வேண்டும். அறுத்த ஆட்டிலிருந்து இதயம், ஈரல், நுரையீரல் மூன்றையும் ஒன்றாக இழுத்து எடுப்பார்களே, அந்தக் கொத்துக்கு ஆங்கிலத்தில் பழைய பெயர் ப்ளக். துணிச்சல் என்ற பொருள் அதற்குப் பிறகு, 18ஆம் நூற்றாண்டில் வந்தது. நம் ஈரக்குலையேதான்! நாம் பயந்தால் ஈரக்குலை நடுங்குகிறது. அவர்கள் அதே குலையில் துணிச்சலை வைத்தார்கள். இதைச் சொன்ன நாளில் பிள்ளைகள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே ஒவ்வொரு வருடமும் இந்தச் சொல்லை எடுக்கிறேன்.

துணிச்சலானவரைச் சொல்லும் ‘ப்ளக்கி’யில் (plucky) மட்டும் கவனம் வேண்டும். தன்னைவிடப் பெரியதை எதிர்த்து நிற்கும் சின்னவருக்கே அது பொருந்தும். தேயிலைக் காட்டில் மேயும் காட்டெருமையைப் பார்த்துக் குரைக்கும் நாய்க்குட்டி ப்ளக்கி, காட்டெருமை இல்லை. உங்கள் மேலதிகாரியை அப்படிப் பாராட்டி எழுதாதீர்கள், அவரைச் சிறியவராக்கியது போல ஆகிவிடும்.

கடைசியாக, நேர்ப்பொருளும் உருவகமும் சேர்ந்து வரும்படி ஒரு வாக்கியம் எழுதுங்கள், உங்கள் வீட்டு விஷயமாக. போன வாரம் எட்டாவது படிக்கும் ஒரு பெண் எழுதினாள்: அம்மா பகல் முழுக்க ப்ளக் செய்தாள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் எடை குறைகிறது என்று சொல்ல, சாயங்காலம் ப்ளக் அப் செய்தாள். ‘கரேஜ்’ விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் சேர்த்துக் கொடுத்தேன்.