சூடான எஞ்சினை நம்பி ஏமாறாதீர்கள்: பழைய ஹாட் ஹேட்ச் ஓட்டிப் பார்க்கும்போது நடக்கும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ ஒரு பழைய ஜிடிஐ (ஹாட் ஹேட்ச் எனப்படும் சக்திவாய்ந்த சிறிய ஃபோக்ஸ்வாகன் கார்) விலைக்கு வந்தால், பெரும்பாலும் கழுவி மினுக்கி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில்தான் நம் முன் நிற்கும். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. வண்டியின் வேகம் நமக்கு முன்பே தெரியும். அது கையேட்டிலேயே போட்டிருக்கிறது. ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது, இதுவரை வைத்திருந்தவர் அதை எப்படிப் பராமரித்தார் என்பதை. சூடாகி நிற்கும் எஞ்சின் அதில் பாதியை மறைத்துவிடும்.

எனவே முந்தைய நாளே, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க அண்ணா" என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். டர்பன் வெயிலில் நின்ற பானட் தானாகவே சுடும். பானட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொடுங்கள். அது வெதுவெதுப்பாக இருந்தால் மறுநாள் காலை வருகிறேன் என்று கிளம்பிவிடலாம்.

குளிர்ந்த எஞ்சின் எழும் முதல் மூன்று விநாடியில் எதைக் கேட்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். 155 கிலோவாட் கோல்ஃப் 6 ஜிடிஐயில், வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட்டும் டைமிங் செயின்தான் கவலை. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பழைய வடிவம் பிடிவிடக்கூடியது. செயின் தளர்ந்து ஒரு பல் தாண்டினால் வால்வுகள் பிஸ்டனில் மோதும், எஞ்சினே போய்விடும். ஸ்டார்ட் செய்ததும் செயின் பக்கம் சங்கிலியைக் குலுக்குவது போல் கடகடவென்று சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். புதிய டென்ஷனர் போட்டாயிற்று என்றால் ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் டைமிங் கவரில் இருக்கும் சிறிய ரப்பர் அடைப்பைக் கழற்றி மெக்கானிக் ஒருவர் பார்த்துச் சொல்ல முடியும்.

147 கிலோவாட் கோல்ஃப் 5 ஜிடிஐயில் செயினுக்குப் பதில் பெல்ட். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஹை பிரஷர் பெட்ரோல் பம்பின் கேம் ஃபாலோயரை எப்போது பார்த்தீர்கள்? கட்டைவிரல் நுனி அளவுள்ள சிறிய உலோகக் கிண்ணம் அது. கேம்ஷாஃப்டுக்கும் பம்புக்கும் நடுவே உராய்ந்துகொண்டே இருக்கும். அதன் கறுப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளி நிறம் தெரிந்தால் மாற்ற வேண்டும். ஓட்டை விழும்வரை விட்டால் கேம்ஷாஃப்டும் சேர்ந்து போகும். பம்பைப் பிடித்திருப்பவை மூன்று போல்ட்கள்தான், சிறிய வேலை. 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. இந்தக் கேள்விக்கு விற்பவர் விழித்தால், மற்றப் பராமரிப்பும் எப்படி நடந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1.4 லிட்டர், 132 கிலோவாட் போலோ ஜிடிஐ விலை மலிவாகத் தெரியும். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரும் டர்போவும் அதில் இரண்டுமே உண்டு. ஆயில் குடிக்கும் குணமும் உண்டு. டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அடிக்கோட்டுக்குக் கீழே இருந்தால், நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் (உள்ளே அழுத்தம் நிற்கிறதா என்ற சோதனை) எடுக்காமல் விலை பேசவே கூடாது.

"டிஎஸ்ஜி எல்லாம் ஒன்றுதான்" என்று நினைப்பது அடுத்த பெரிய தவறு. டிஎஸ்ஜி என்பது இரண்டு கிளட்ச் கொண்டு தானே கியர் மாற்றும் பெட்டி. கோல்ஃப் 5, 6 ஜிடிஐகளில் உள்ளது ஆறு கியர் பெட்டி. கிளட்ச்கள் ஆயிலில் நனைந்தபடி வேலை செய்யும். அதற்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். மேலே சொன்ன போலோவில் இருப்பது ஏழு கியர், உலர்ந்த கிளட்ச். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து தேய்வது இதுதான். இரண்டையும் சோதிக்க நெடுஞ்சாலை தேவையில்லை. டர்பன் வீடுகளின் செங்குத்தான டிரைவ்வே போதும். பிரேக்கிலிருந்து காலை எடுத்து, ஆக்சிலரேட்டரை மெல்லத் தொட்டு, ரிவர்ஸில் மேலே ஏற்றுங்கள். நல்ல பெட்டி வழுக்கிக்கொண்டு ஏறும். கெட்டது நடுங்கும், இழுத்து விடும். பிறகு ரோபோட்டுக்கு ரோபோட் (போக்குவரத்து சிக்னல்) நின்று நின்று போகையில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது உதறுகிறதா என்று கவனியுங்கள்.

மேனுவல் வண்டியாக இருந்தால் பைன்டவுனிலிருந்து எம்13-இல் ஃபீல்ட்ஸ் ஹில் ஏறுங்கள். நான்காம் கியர், சுமார் 2,000 ஆர்பிஎம், வேக வரம்புக்குள், ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் ஓடி, வேகம் கூடாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சின் ட்யூன் செய்த, அதாவது மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டிய வண்டிகளில் இது அடிக்கடி தெரியும். கூடுதல் டார்க்கைத் தாங்கும்படி கம்பெனி கிளட்ச் செய்யப்படவில்லை.

ட்யூனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விற்கும் முன் கம்பெனி மென்பொருளைத் திரும்ப ஏற்றி, எரர் கோடுகளையும் அழித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஸ்கேனரைச் செருகி "கோடு ஒன்றுமில்லை" என்று திருப்தி அடைவதுதான் இங்கே தவறு. ஸ்கேனரில் ரெடினஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வண்டியின் கணினி தானே செய்யும் சோதனைகள் முடிந்தனவா என்று அது காட்டும். கோடுகளை அழித்தால் அந்தச் சோதனைகளும் பூஜ்யத்துக்குப் போகும். அவை மீண்டும் முழுமையாக முடியப் பல நாள் ஓட்டம் ஆகும். பாதி முடியாமல் கிடந்தால் யாரோ சமீபத்தில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். எதற்காக என்று கேளுங்கள். சைலன்சரில் பட்டாசு வெடிக்கும்படி ட்யூன் செய்த வண்டியாக இருந்திருந்தால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுத்திருக்கக்கூடும்.

வண்டி பார்க்க ஜோஹானஸ்பர்க் போகிறவர்கள் இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு சதவீத சக்தியை இழக்கும். 147 கிலோவாட் டொயோட்டா 86 அங்கே 122 கிலோவாட் வண்டி போலத்தான் ஓடும். "ஸ்போர்ட்ஸ் கார் என்றார்கள், இழுக்கவே இல்லையே" என்று அதை ஒதுக்குவது அநியாயம். போதாக்குறைக்கு அதன் 205 நியூட்டன் மீட்டர் டார்க் 6,400 ஆர்பிஎம்மைத் தொட்ட பிறகே முழுதாகக் கிடைக்கும். 3,000-இல் கியர் மாற்றுகிறவருக்கு அந்த வண்டியின் சுவை தெரியவே தெரியாது. டர்போ வண்டி மலைமேல் இவ்வளவு துவளாது. ஆனால் அதே அழுத்தத்தைக் கொடுக்க அங்கே டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். அதனால் சைலன்சரில் ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகை வருகிறதா என்று நன்றாகப் பாருங்கள்.

நேர்கோட்டில் மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்புவதும் தவறுதான். போத்தாஸ் ஹில், டிரம்மண்ட், இன்சாங்கா வழியாகப் போகும் பழைய ஆர்103 சாலையில் அமைதியாகப் போங்கள். வளைவில் ஸ்டீயரிங் ஒரே சீராகக் கனக்க வேண்டும். திருப்பும்போது டொக் டொக்கென்று கேட்டால் டிரைவ் ஷாஃப்ட். மேடுபள்ளத்தில் கேட்டால் சஸ்பென்ஷனின் புஷ் அல்லது பால் ஜாயின்ட். ஆளில்லாத நேர்ச் சாலையில் 100-லிருந்து 40 வரை திடமாக பிரேக் பிடியுங்கள். ஸ்டீயரிங் அதிர்ந்தால் டிஸ்க் சீராக இல்லை. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். வெர்னியர் காலிப்பரால் அளந்து ஒப்பிடலாம்.

டயரைச் சட்டத்துக்காக மட்டும் பார்க்காதீர்கள். சட்டம் கேட்பது 1 மில்லிமீட்டர் பள்ளம். டர்பன் கோடை மழையில் 200 குதிரைத்திறனை முன் சக்கரங்களில் இறக்க 3 மில்லிமீட்டராவது வேண்டும். உட்புற விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் ஸ்ப்ரிங் வெட்டி அல்லது மாற்றி வண்டியைத் தாழ்த்தியிருக்கலாம். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. முன்னே இரண்டு, பின்னே இரண்டு வெவ்வேறு மலிவு பிராண்ட் என்றால், அந்த வண்டி வளைவில் எப்படி நடந்துகொள்ளும் என்ற உங்கள் அபிப்பிராயத்தையே நம்ப வேண்டாம். நீங்கள் சுவைத்தது டயரின் குணம்.

பணத்தைக் கொடுத்து, கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிய பிறகு காகிதத்தைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். பதிவுச் சான்றிதழில் வண்டியின் நிலையைக் காட்டும் குறியீட்டு எண் இருக்கும்: 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி, 3 என்றால் மீண்டும் கட்டியெழுப்பியது. வங்கி பெயர் உரிமைதாரராக இருந்தால் கடன் தீர்ந்ததற்கான கடிதம் இல்லாமல் ஒரு ரேண்டும் கொடுக்காதீர்கள். காப்பீட்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஜிடிஐக்கு டிராக்கர் (வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி) கட்டாயம் என்று அவர்கள் சொல்லக்கூடும். ட்யூன், டவுன்பைப் (டர்போவிலிருந்து வரும் புகைக்குழாய்), பெரிய வீல் எதுவாக இருந்தாலும் காப்பீட்டாரிடம் எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.