தசைப்பிடிப்பு மாத்திரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கழுத்தைத் திருப்ப முடியாமல் பிடித்துக்கொண்டது, குனிந்து குடம் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது என்று போனால், மருத்துவர் தரும் சீட்டில் பெரும்பாலும் ஒரு தசைத்தளர்த்தி மருந்து இருக்கும். டிசானிடின், தயோகால்சிகோசைடு, குளோர்சாக்சசோன், பேக்லோஃபென் ஆகியவை நம் மருந்துக்கடைகளில் அதிகம் புழங்குபவை. வாங்கிப் போகிறவர்கள் இவற்றையும் 'வலி மாத்திரை' என்றுதான் சொல்கிறார்கள். தவறுகளில் பாதி அந்த நினைப்பிலிருந்து வருகிறது. இவை பிடித்துக்கொண்ட தசைக்குள் போய் வேலை செய்வதில்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் வேகத்தைத் தணித்து, அதன் வழியாகவே தசையைத் தளர்த்துகின்றன. அதனால்தான் தூக்கக் கலக்கமும் கிறுகிறுப்பும் கூடவே வருகின்றன.

அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் விடுவது

இங்கே இந்த மருந்துகள் பெரும்பாலும் தனியாக விற்பதில்லை. ஒரே மாத்திரையில் அசெக்லோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி., டிசானிடின் 2 மி.கி. என்று மூன்று மருந்துகள் இருக்கும். இதைச் சாப்பிடுகிறவர் பல்வலிக்கென்று இன்னொரு இடத்தில் டைக்ளோஃபெனாக் வாங்கினால், ஒரே வகை வலி மருந்து இரண்டாகிவிடும். வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் வரலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். அசெக்லோஃபெனாக் ஒரு நாளைக்கு 200 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அதாவது இந்தக் கூட்டு மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று, அதோடு சரி. வலி அடங்கவில்லை என்று மூன்றாவதைப் போடாதீர்கள்.

பெயருக்குப் பின்னால் வரும் 'எம்.ஆர்.' என்ற எழுத்துகளை நம்பி எந்த முடிவுக்கும் வர வேண்டாம். வலி மாத்திரைகளில் அது தசைத்தளர்த்தியைக் குறிக்கும். சில சர்க்கரை நோய் மாத்திரைகளில் அதே எழுத்துகள், மருந்து மெல்ல மெல்ல வெளியாகும் என்பதைக் குறிக்கின்றன. சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரும் மில்லிகிராமும்தான் கணக்கு. 'உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க' என்று கேட்டு உதிரியாக வாங்கினால் அதையும் படிக்க வழியில்லை. தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

உடன் சாப்பிடும் மருந்துகளைச் சொல்லாமல் விடுவது

மிக ஆபத்தான தவறு இதுதான். இடுப்பு வலிக்கு டிசானிடின் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீர்க்கடுப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மிச்சமிருந்த சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை எடுத்துப் போடுகிறார்கள். டிசானிடினைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை சிப்ரோஃப்ளாக்சசின் முடக்கிவிடும். ரத்தத்தில் டிசானிடினின் அளவு ஏறக்குறைய 10 மடங்கு கூடும். 2 மி.கி. மாத்திரை 20 மி.கி. போல வேலை செய்யும். ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழுவார்கள். மனநல மருத்துவர்கள் தரும் ஃப்ளுவாக்சமைனோடு சேர்ந்தால் இதைவிட மோசம், 33 மடங்கு வரை கூடும். இந்த இரண்டோடும் டிசானிடின் சேரவே கூடாது. கருத்தடை மாத்திரையும் ஓரளவு இதே வேலையைச் செய்யும் என்பதால், அதைச் சாப்பிடும் பெண்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மது, தூக்க மாத்திரை, பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம், கடும் வலிக்குத் தரும் டிரமடால், சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்ஃபெனிரமின் எல்லாம் மூளையின் வேகத்தைக் குறைப்பவை. தசைத்தளர்த்தியோடு சேரும்போது தூக்கம் ஆழமாகி மூச்சே தளரக்கூடும். மாத்திரை சாப்பிடும் நாட்களில் மது ஒரு மிடறும் வேண்டாம்.

சட்டென்று எழுவது, வண்டி எடுப்பது

டிசானிடின் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், இரவு இதைப் போட்டுக்கொண்டு நடுச்சாமத்தில் பாத்ரூம் போக எழுந்தால், நின்ற மாத்திரத்தில் கண் இருட்டும். வயதானவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிய அந்த ஒரு நொடி போதும். கட்டில் விளிம்பில் கால் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, எதையாவது பிடித்துக்கொண்டு எழ வேண்டும். வழியில் சின்ன விளக்கு எரியட்டும். முதல் மாத்திரையை இரவில் வீட்டில் சாப்பிட்டு, உடம்பு எப்படி ஏற்கிறது என்று பாருங்கள். அது தெரியும்வரை டூவீலர், கார், அரவை இயந்திரம், மாடிக்கு ஏணி எதுவும் வேண்டாம். காலையிலும் தூக்கக் கலக்கம் இருந்தால் அன்றும் வண்டியைத் தொடாதீர்கள்.

நாள் கணக்கைத் தவறவிடுவது

சாதாரணப் பிடிப்புக்குச் சில நாட்கள் போதும். தயோகால்சிகோசைடுக்கு ஐரோப்பிய மருந்துகள் முகமை 2013இல் கறாரான வரம்பைப் பரிந்துரைத்தது: ஒரு வேளைக்கு 8 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை, தொடர்ந்து 7 நாட்களுக்கு மேல் கூடாது. அது உடலில் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள், பிரியும் செல்களின் குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கக்கூடும் என்பதே காரணம். ஆகவே கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது. பழைய சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்குவது இந்த வரம்பையே அர்த்தமற்றதாக்குகிறது.

பக்கவாதம், தண்டுவடக் காயம் போன்றவற்றால் மாதக்கணக்கில் பேக்லோஃபென் சாப்பிடுகிறவர்களுக்கோ கணக்கு தலைகீழ். ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்து திடீரென நின்றுபோனால், வலிப்பு, கடும் காய்ச்சல், இல்லாததைக் காணும் குழப்பம் எல்லாம் வரலாம். டிசானிடினை அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டு நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். மருத்துவர் சொல்லும் படிக்கட்டில் மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். பயணத்துக்குக் கூடுதலாக ஒரு வார மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது.

சிறுநீரகம், கல்லீரல்

பேக்லோஃபெனைப் பெரும்பகுதி சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. டயாலிசிஸில் இருப்பவருக்குச் சின்ன அளவும் தேங்கிப் பிதற்றலில் கொண்டுபோய் விடலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் அளவைச் சொல்லாமல் இதை வாங்கவே வாங்காதீர்கள். குளோர்சாக்சசோன் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகவோ செவ்வூதாவாகவோ போகலாம். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளாகி, பசி செத்து, வலது விலாவுக்குக் கீழ் வலித்தால் மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

எழுப்பினாலும் எழாமல் கிடந்தால், மூச்சு மந்தமாக இருந்தால் 108ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், காபி புகட்டாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், காலியானவை உட்பட, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.